கேள்வி எழவில்லையாம்!

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாட்களில்தான் தில்லியில் பாராளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரும் நடக்கும். போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. தலையில் எண்ணெய் வழிய வழிய நாலைந்து இளவட்டங்கள் ஒரு செல்போனைச் சுற்றி நிற்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் அவையில் பதில் சொல்கிற காட்சி. எந்த அமைச்சர், எந்த வருஷத்துக் காட்சி என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. குரலே போதும். எங்கள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க நீ யார் என்று ஏதோ ஒரு மேல்நாட்டைக் கேட்கிற தோரணை. மேசைகள் தட்டப்படுகின்றன.

"என்னா அடி அடிக்காரு பாத்தியாடே!" என்று கைதட்டினான் ஒருத்தன். பார்த்தால் எங்கள் தெருப் பையன், எனக்குச் சித்தப்பா மகன்.

"ஏல, ஒனக்கு எதுக்குல இந்தக் கைதட்டு?"

"நம்ம நாடுல்லா அண்ணே."

நம்ம நாடுதான். இல்லையென்று எவனும் சொல்ல முடியாது. இதன் வயலில் நட்டதும் அறுத்ததும் நாம். சாக்கடை அள்ளியதும், செத்த மாட்டைத் தூக்கியதும் நாம். ஆனால் வெளியுறவு அமைச்சர் எழுந்து நின்று 'நாங்கள்' என்கிறாரே, அந்த 'நாங்களில்' நீயும் நானும் எப்போது சேர்த்தி, எப்போது இல்லை? கைதட்டுவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது, தோழர்களே.

நான் வங்கியில் எழுத்தர். கவுண்டரில் உட்கார்ந்து தினமும் ஒரு வசனம் சொல்கிறேன்: "இது இந்தக் கவுண்டர் இல்ல, அடுத்த கவுண்டர்." அடுத்த கவுண்டரில் இருப்பவர் என் பக்கம் கை காட்டுவார். நூறு நாள் வேலைச் சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்க வந்த கிழவி நடுவில் நிற்பாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆகவே பாராளுமன்றத்தில் சாதி பற்றிய கேள்வியை எப்படிக் கவுண்டர் மாற்றுகிறார்கள் என்பது எனக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. தொழில் ஒன்றுதானே!

கேள்வி நேரம் என்பதன் லட்சணத்தை முதலில் தெரிந்துகொள்வோம். உறுப்பினர் ஒருவர் பதினைந்து நாள் முன்னதாகக் கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அது குலுக்கலில் விழ வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் நட்சத்திரக் குறி. அவற்றுக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். அந்த 20இல் ஐந்தாறு முடிவதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிடும். மற்ற 230 கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில். "(அ) முதல் (ஈ) வரை: தகவல் திரட்டப்பட்டு வருகிறது." "(ஆ) மற்றும் (இ): கேள்வி எழவில்லை." 2020 செப்டம்பரில் கொரோனாவைச் சாக்குச் சொல்லி, வாயால் பதில் சொல்கிற அந்த ஒரு மணி நேரத்தையே எடுத்துவிட்டார்கள் என்பதும் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

'கேள்வி எழவில்லை' என்பது எவ்வளவு அழகான வார்த்தை! சேரியில் எழுந்த கேள்வி தில்லிக்குப் போகும்போது எழாமல் படுத்துக்கொள்கிறது.

தில்லிக்குப் போகுமுன் நம் ஊருக்கு வருவோம். தென்காசிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட தேவேந்திரர் குடும்பங்கள் (அன்றைய அரசாங்கக் காகிதத்தில் பள்ளர்) இஸ்லாத்துக்குப் போயின. போனது ஒரே நாளில். போவதா வேண்டாமா என்று பேசியதோ பல வருஷம். டீக்கடையில் தனி கிளாஸ், தெருவில் செருப்பு, பஸ்ஸில் உட்கார இடம், போலீஸ்காரனின் தடி, படித்துவிட்டு வந்தவனையும் 'ஏல' என்று கூப்பிடும் வாய் என்று காரணம் எல்லாம் ஊர் அறிந்ததுதான். தில்லிக்கு மட்டும் அது தெரியவில்லை. தில்லிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வளைகுடாப் பணம். எண்ணெய்க் காசு. அந்நியச் சதி. பாராளுமன்றத்தில் அமளி. பத்திரிகைகளில் தலைப்பு. ஊருக்குள் கார் கார்களாகத் தலைவர்கள்.

வந்தவர்களில் ஒருவர் அடல் பிகாரி வாஜ்பாய். 1977 முதல் 1979 வரை இந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர். ஐ.நா. பொதுச்சபையில் இந்தியில் பேசி, தேசத்தின் மானத்தை உயர்த்தியதாகப் புகழப்பட்டவர். அதுவரை தில்லியில் எவரும் வரைபடத்தில் தேடியிராத ஒரு சேரிக்கு முன்னாள் வெளியுறவு அமைச்சரே வருகிறார் என்றால் எதற்கு? நாம் மனிதனாகப் போகிறோமே என்ற சந்தோஷத்திலா? கணக்கில் ஆள் குறைகிறதே என்ற பதற்றத்தில்!

எங்கள் பாட்டி வழிச் சொந்தத்தில் ஒரு தாத்தா அந்த ஊர்க்காரர். எண்பதை நெருங்குகிறார். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "துட்டு வந்துச்சா, எம்புட்டு வந்துச்சுன்னுதான் வந்தவனெல்லாம் கேட்டான் பேராண்டி. டீக்கடையில நமக்கு கிளாஸு எங்க தொங்குச்சுன்னு ஒருத்தனும் கேக்கல." பிறகு சிரித்துக்கொண்டே, "துட்டு வந்திருந்தா நான் எதுக்கு இன்னும் இந்த ஓட்டு வீட்டுல கெடக்கேன்?" என்றார்.

பணம் வாங்கி மாறினார்களாம்! 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்துக்குப் போன தலித்துக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. உத்தியோகம், கல்லூரி இடம், தனித் தொகுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறவனைப் பார்த்து 'என்ன லாபத்துக்குப் போனாய்' என்று கேட்பவனுக்குக் கணக்கே தெரியாது. கணக்கு எழுதியே வயிறு வளர்க்கிறவன் சொல்கிறேன்.

வளைகுடாப் பணத்தை நான் தினமும் பார்க்கிறவன். துபாய், சவுதி, குவைத், சிங்கப்பூர். கடையநல்லூரிலும் தென்காசியிலும் சுற்றுப்பட்டிலும் எந்தச் சாதியில், எந்த மதத்தில் இந்தப் பணம் நுழையாத தெரு இருக்கிறது? சாதி இந்து வீட்டு மாடி அந்தப் பணத்தில்தான் எழும்புகிறது, கோயில் கொடைக்கு வரி கொடுப்பதும் அந்தப் பணம்தான். வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பும் தொகை 2022இல் பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டியது. அதைப் பெருமையோடு சொல்கிறார்கள். அது 'அந்நியச் செலாவணி'. அதே திர்ஹாம் சேரிப்பக்கம் வந்ததாக ஒரு வதந்தி கிளம்பினால் போதும், அது 'அந்நியச் சதி'.

ஆக 1981இல் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தலித் தன் ஊரில், தன் தெருவில், தன் சாமியை மாற்றிக்கொண்டால் அது வெளிநாட்டு விவகாரம். சரி, அப்படியே இருக்கட்டும். இருபது வருஷம் கழித்து என்ன நடந்தது?

2001 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு. மார்ட்டின் மக்வான், பால் திவாகர், நம் ரூத் மனோரமா முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்வீரர்கள் பறையோடு போய் இறங்கினார்கள். தொழிலையும் வம்சாவளியையும் காரணமாக வைத்து நடக்கும் பாகுபாட்டையும் மாநாட்டுப் பிரகடனத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒரே ஒரு பத்தி! அந்தப் பத்தியை எடுக்க வைப்பதற்கு இந்திய வெளியுறவுத் துறை தன் முழுப் பலத்தையும் காட்டியது. தூதுக்குழுவின் தலைவராக மேடையேறிய வெளியுறவு இணையமைச்சர் உமர் அப்துல்லா, சாதி இந்த மாநாட்டில் பேச வேண்டிய பொருளே அல்ல என்றார். உறுப்பு நாடுகளின் சமூகத்தைச் சீர்திருத்துவதற்காக நாம் இங்கே கூடவில்லை என்றார். பத்தி போயிற்று. அப்போது வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங். பிரதமர்? மீனாட்சிபுரத்துக்கு வந்துபோன அதே வாஜ்பாய்!

தலித் மதம் மாறினால் வெளிநாட்டு விவகாரம். தலித் வெளிநாட்டுக்குப் போய் நியாயம் கேட்டால் உள்நாட்டு விவகாரம். எந்தக் கவுண்டருக்குப் போனாலும் அடுத்த கவுண்டர்!

அதுவும் எந்த ஊரில் வைத்துச் சொன்னார்கள் பாருங்கள். டர்பன் துறைமுகத்தில் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் நின்றது. கரும்புத் தோட்டக் கூலிகளாக அதில் போய் இறங்கியவர்களில் நம் சனங்களும் இருந்தார்கள். அந்த வம்சத்தை வெள்ளைக்காரன் மிதித்தபோது 1946இல் இந்தியா என்ன செய்தது தெரியுமா? ஐ.நா. சபை பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சுதந்திரமும் இன்னும் வரவில்லை. வெளியுறவு இலாகா இடைக்கால அரசில் நேருவிடம் இருந்தது. அவர் தங்கை விஜயலட்சுமி பண்டிட் பொதுச்சபையில் ஏறி, தென்னாப்பிரிக்கா இந்தியர்களை நடத்துகிற விதத்தை உலகம் கேட்க வேண்டும் என்றார். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் சொன்ன பதில்: இது எங்கள் உள்விவகாரம், ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவைப் பார், தலையிட உனக்கு அதிகாரமில்லை. இந்தியா விடவில்லை. மனித மானம் போகிற இடத்தில் உள்நாடு வெளிநாடு என்ன என்று வாதாடியது. டிசம்பர் 8 அன்று 32க்கு 15 என்று தீர்மானம் வென்றது. இது நாம் பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். நான் மனசாரப் பெருமைப்படுகிறேன். அதனால்தான் வயிறு எரிகிறது. ஸ்மட்ஸின் பழைய கோட்டைத் தூசி தட்டி, அவர் ஊரிலேயே போய், நமக்கு எதிராக மாட்டிக்கொண்டார்களே!

அதே 1946இல் இன்னொரு காரியமும் நடந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அமைப்பொன்று ஐ.நா.வுக்கு மனு கொடுத்ததாகக் கேள்விப்பட்ட அண்ணல் அம்பேத்கர், அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி அந்த மனுவின் பிரதியைக் கேட்டார். தீண்டப்படாத மக்களுக்கும் அந்த வழியில் போக எண்ணமுண்டு என்று தெரிவித்தார். ஆகவே டர்பன் என்பது தொண்டு நிறுவனங்கள் டாலர் வாங்கிக்கொண்டு கிளப்பிய புதுக் கூத்து அல்ல. பாபாசாகேப் போட்ட பாதை.

இங்கே எதிரி ஒரு வாதம் வைப்பான். வைக்கட்டும், அதிலும் விஷயமிருக்கிறது. "சாதி என்பது இனமல்ல. உங்கள் அம்பேத்கரே அப்படித்தானே எழுதினார்?" ஆமாம், எழுதினார். பிராமணனும் தீண்டப்படாதவனும் வேறு வேறு இரத்தம் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஆந்த்ரே பெத்தேய் மாதிரி சமூகவியல் அறிஞர்கள் 2001இல் இதையே சொல்லி எச்சரித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் கேட்டது 'எங்களைத் தனி இனமாக்கு' என்றா? இல்லவே இல்லை. உடன்படிக்கையைப் படித்துப் பார்க்காமல் பேசக் கூடாது.

இனப் பாகுபாடு ஒழிப்புக்கான சர்வதேச உடன்படிக்கை 1965ஆம் ஆண்டில் உருவானது. 1968இல் இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்தை உறுதிசெய்தது. அதன் முதல் பிரிவு எதெதன் பேரில் பாகுபாடு கூடாது என்று சொல்கிறது: இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம். மூன்றாவது சொல்லைக் கவனியுங்கள். வம்சாவளி. அதாவது எந்த வயிற்றில் பிறந்தாய் என்பது. அந்தச் சொல்லை உள்ளே கொண்டுவந்த திருத்தத்தை முன்மொழிந்தது யார்? இந்தியப் பிரதிநிதி! தானே திறந்து வைத்த கதவு அது. அதன் வழியாக நாம் நுழைந்ததும் அது கதவே இல்லை, சுவர் என்கிறார்கள்.

1996இல் ஜெனீவாவுக்குப் போன அரசு அறிக்கை, சாதி இந்த உடன்படிக்கைக்குள் வராது என்றது. அந்த ஆகஸ்டில் உடன்படிக்கைக் குழு, வரும் என்று திருப்பிச் சொன்னது. 2002இல் அதே குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில், வம்சாவளி என்பதில் சாதியும் அடக்கம் என்று இன்னும் தெளிவாக எழுதிவைத்தது. இன்னொரு வேடிக்கை. 2006 டிசம்பர் 27 அன்று தில்லியில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு இணையாகச் சொல்ல முடிந்தது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஒன்றுதான் என்று பேசினார். நாம் கண் கலங்கினோம். இரண்டு மாதம்கூட முழுசாக முடியவில்லை. 2007 பிப்ரவரியில் அவருடைய அரசின் தூதுக்குழு ஜெனீவாவில் உட்கார்ந்து, சாதி இந்த உடன்படிக்கையில் சேராது என்று பழைய பாட்டைப் பாடியது. அடுத்த அறிக்கையை 2010 ஜனவரியில் கொடுத்திருக்க வேண்டும். கெடு தாண்டிப் போனது. கடன் தவணை ஒரு மாதம் தவறினால் எங்கள் வங்கியிலிருந்து நோட்டீஸ் போகும்.

காங்கிரஸா, பா.ஜ.க.வா, ஐக்கிய முன்னணியா என்ற பேதமே இதில் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பங்காளிகள். தேசிய மனித உரிமை ஆணையத் தலைவராயிருந்த நீதிபதி வர்மாதான், டர்பனிலேயே, பெயர் என்ன வைக்கிறோம் என்பதைவிடக் கொடுமை நீடிக்கிறதே என்பதுதான் கவலை என்ற பொருளில் பேசினார். அரசாங்க வரிசையில் கேட்ட மனிதக் குரல் அது.

இன்னொரு ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே வரும்: வெள்ளைக்காரனிடம் போய் முறையிடலாமா, அவன் யோக்கியனா? யோக்கியன் இல்லைதான். இஸ்ரேலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லி அதே டர்பன் மாநாட்டைவிட்டு அமெரிக்கா பாதியில் வெளியேறியது. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்ப்பதாக 2013இல் ஒத்துக்கொண்ட பிரிட்டன் 2018இல் பின்வாங்கியது. எவனும் வந்து நம்மைத் தூக்கிவிடப் போவதில்லை. ஆனால் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன அம்பேத்கரையும் இப்படித்தான் தேசத்துரோகி என்றார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் நாற்காலி முழுக்க அவர்களுடையதாக இருக்கும்போது பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவதைத் தவிர நமக்கு என்ன வழி? இலங்கை விஷயத்தில் 2012இலும் 2013இலும் ஐ.நா. மனித உரிமை அவையில் இந்தியா அந்த நாட்டுக்கு எதிரான தீர்மானத்துக்கு வாக்களித்தது. அப்போது உள்விவகாரம் எங்கே போனது? வேண்டும்போது சுருட்டி, வேண்டும்போது விரிக்கிற பாய் அது.

இப்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தென்காசி தனித் தொகுதி. 1977இலிருந்து இங்கே ஜெயித்தவர்கள் எல்லாம் நம்மவர்கள்தான். 1996இல் ஜெனீவாவில் 'சாதி வராது' என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது நம் தொகுதி உறுப்பினர் மு. அருணாசலம் அதே அரசாங்கத்தில் மத்திய அமைச்சர். அந்த ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. 1932 செப்டம்பர் 24இல் பூனாவில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பலன் இது. நம் பிரதிநிதியை நாம் மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரே தேர்ந்தெடுக்கிறது, கட்சி சீட்டுக் கொடுக்கிறது, கொறடா கயிறு பிடிக்கிறார். மக்களவையில் இன்று 84 பட்டியல் சாதித் தொகுதிகள். 84 வாய்! வெளியுறவு அமைச்சர் நாற்காலியில் இன்றுவரை ஒரு தலித்தும் உட்காரவில்லை. வெளியுறவுப் பணியிலேயே வாழ்ந்த கே.ஆர். நாராயணனுக்குக்கூட இணையமைச்சர் பதவிதான் அந்த இலாகாவில் கிடைத்தது. பிறகு ஜனாதிபதியாக்கினார்கள் என்பது வேறு கதை. பதில் சொல்கிற நாற்காலி கிடைக்கவில்லை, சரி. கேள்வி கேட்கிற பெஞ்சு கையில் இருக்கிறதே?

ஊர்வலம் போகிறோம், கொடி பிடிக்கிறோம், ஏப்ரல் 14க்கு மாலை போடுகிறோம். எல்லாம் வேண்டும். கூடவே, கேள்வி எழுதவும் படிக்க வேண்டும் என்கிறேன். கல்லூரித் தம்பி தங்கைகள் இதைச் செய்யலாம். 84 உறுப்பினர்களுக்கும் ஒரே கேள்வி, ஒரே வாரத்தில் போய்ச் சேரட்டும். குலுக்கலில் ஒன்றாவது விழாதா? நட்சத்திரம் கிடைத்தால் அமைச்சர் எழுந்து நிற்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் காகிதத்தில் பதில் வர வேண்டும். அந்தக் காகிதம் அவை ஆவணத்தில் கிடக்கும், நம் பேரப்பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள்.

நான் எழுதிவைத்திருப்பதைக் கீழே தருகிறேன். இங்கிலீசில் மாற்றித் தர ஆள் இருக்கிறது. கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டோம். டீக்கடையில் கைதட்டிய சித்தப்பா மகன் இன்னும் போடவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணே" என்றிருக்கிறான். யோசிக்கட்டும்.

வெளியுறவு அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:

(அ) 1965ஆம் ஆண்டின் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்னும் சொல்லைச் சேர்க்க இந்தியா திருத்தம் கொண்டுவந்தது உண்மையா;

(ஆ) உண்மையெனில், அச்சொல்லால் இந்நாட்டில் யாரைக் குறிக்க அரசு எண்ணியது;

(இ) 2010 ஜனவரியில் தர வேண்டியிருந்த அறிக்கை எப்போது தரப்பட்டது அல்லது எப்போது தரப்படும், தாமதத்துக்கு யார் பொறுப்பு;

(ஈ) 1946இல் தென்னாப்பிரிக்கா ஐ.நா.வில் சொன்ன 'உள்விவகாரம்' என்ற வாதத்துக்கும், 2001இல் டர்பனில் இந்தியா வைத்த வாதத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?